பின்னணி என்று எழுதிக்கொள்

இந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா? வெக்கை எனக்குப் பழக்கம்தான். மூன்று இறக்கையில் ஒன்று தளர்ந்திருக்கிறது, சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்கிறது. உங்களுக்குக் கேட்காது. முப்பது வருஷமாகச் சத்தத்தைக் கண்டுபிடித்து ஒழிப்பதே என் பிழைப்பு என்பதால், காது தானாக அங்கே போய் நின்றுவிடுகிறது. நன்றி. இனி நிதானமாகப் பேசலாம்.

ஆய்வுக்கூடத்தில் எனக்கு 'உஷ் சார்' என்று பேர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, ஆனால் தெரியும். கதவை ஓங்கிச் சாத்தினால் உஷ், நாற்காலியை இழுத்தால் உஷ். என் தங்கைகூட அந்தப் பேரைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அதைச் சொன்னவன் அவள் புருஷன்தான்.

உங்கள் காவல் நிலையக் கோப்பில் அவன் சாவு விபத்து என்று முடிந்திருக்கிறது. மூடிய அளவீட்டு அறைக்குள் மூச்சுத் திணறி இறந்தார், நுழையும்போது தன் பெயர்த் தகட்டை எடுத்துக்கொள்ள மறந்ததே காரணம் என்று இரண்டு மாதம் முன்பு நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு வரி தவறு. அதைத் திருத்திவிட்டுப் போகத்தான் வந்தேன். தவறான பதிவைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

எங்கள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. வயதான நட்சத்திரத்தின் வயிற்றுக்குள் ஹீலியம் அணுக்கரு, கார்பன் அணுக்கருவில் மோதி ஆக்ஸிஜன் ஆகிறது. ஆகும்போது ஒரு சின்ன மின்னல்போல காமாக் கதிர் ஒன்றை விடுகிறது. இது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பது ஓர் எண். உலகத்தில் கார்பன் எவ்வளவு, ஆக்ஸிஜன் எவ்வளவு என்பதெல்லாம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. நட்சத்திரத்தில் நடப்பதைக் கூடத்தில் நடத்திப் பார்க்கவேண்டும். மாதக்கணக்கில் மோதவிட்டால் நாலைந்து மின்னல் கிடைக்கும். அந்த நாலைந்தையும் சுற்றியிருக்கிற பொய் மின்னல்களிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். சுவரிலிருந்து வருவது, வானத்திலிருந்து வருவது, பக்கத்து அறை மோட்டாரிலிருந்து வருவது, எல்லாம் பொய். அந்தப் பொய்களுக்கெல்லாம் சேர்த்துப் பின்னணி என்று பேர். எது மின்னல், எது பின்னணி என்று சொல்கிறவன் நான்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு நான் ஓர் எண்ணைச் சொன்னேன். மற்றவர்கள் எதிர்பார்த்ததைவிட அது கொஞ்சம் பெரிது. என் வரைபடத்தில் யாரும் காணாத இடத்தில் ஒரு மேடு இருந்தது. அந்த மேடு பாடப்புத்தகத்தில் ஏறியது. நான் போகாத ஊர்களில் அதை என் பேரால் சொல்கிறார்கள். எனக்கு வேறு எதுவும் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் கீழ்த்தளத்தில் நான், மாடியில் தங்கையும் அவனும். சாப்பாடு மூன்று பேருக்கும் ஒரே மேசையில்.

அவன் முதலில் என்னிடம் படிக்க வந்தவன். கூச்சமில்லாமல் கேள்வி கேட்பான். அதனால்தான் பிடித்தது. வீட்டுக்கு அழைத்து வந்தேன், அவளைப் பார்த்தான், மற்றதை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நான் அவனை மாப்பிள்ளை என்றேன், அவன் என்னை மச்சான் என்றான். வீட்டு மணியை நான் எப்போதோ கழற்றிவிட்டேன், அந்த ஓசை எனக்கு ஆகாது. அதனால் அவன் கதவைத் தட்டுவான். சேர்த்து இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் ஒன்று. பதினோரு வருஷம் தினமும் அப்படித்தான். மாடியில் எந்த மூலையில் இருந்தாலும் தங்கை இறங்கி ஓடி வருவாள். எரிச்சலாக இருக்கும் எனக்கு, ஆனால் ஒருநாள் அவன் வரத் தாமதமானால் அந்தத் தட்டலுக்காக நானும் காத்திருப்பேன். அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புதுக் கருவி அவன் கட்டியது. ஆறு வருஷ உழைப்பு. ஜெர்மானியம் என்ற தனிமத்தின் படிகங்களை வட்டமாக அடுக்கி, திரவ நைட்ரஜனால் குளிரவைத்து, சுற்றிலும் ஈயக் கட்டிகளால் ஒரு வீடு கட்டினான். என் பழைய கருவி முணுமுணுப்பைக் கேட்டது என்றால் அவனுடையது மூச்சைக் கேட்டது. ஒரே சங்கடம், அந்தப் படிகங்களுக்கு அதிர்வு ஆகாது. பக்கத்தில் யாராவது தும்மினால் திரையில் புல் முளைத்த மாதிரி இரைச்சல் தெரியும். ஆகவே அந்த அறையை நாங்கள் சுத்தமாக அமைதியாக்கினோம். காற்றை வெளியேற்றும் பெரிய விசிறியை அளவீட்டின்போது நிறுத்தினோம். உள் தொலைபேசியை எடுத்தோம். கைப்பேசிகளை வாசல் தட்டில் போட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஆக்ஸிஜன் குறைந்தால் கூவுகிற கருவி நொடிக்கு ஒருமுறை துடித்து இரைச்சல் தந்தது, அதைக் கதவுக்கு வெளியே மாட்டினோம். உள்ளே இருக்கும் அவசரப் பொத்தானின் வயர்கூட எங்கிருந்தோ இரைச்சலை இழுத்து வந்தது, அளவீட்டு நேரத்தில் அதையும் துண்டித்துவைப்போம். வெளியாள் கேட்டால் பைத்தியக்காரத்தனம் என்பான். அதற்குப் பதிலாகத்தான் தகடு.

தகட்டு முறை உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். கதவருகே ஒரு பலகை, அதில் ஏழு பேருக்கு ஏழு பித்தளைத் தகடுகள். உள்ளே போகிறவன் தன் தகட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஏழும் பலகையில் இருந்தால்தான் ஈயக் கதவு மூடும், விசிறி நிற்கும். ஒன்று குறைந்தாலும் எதுவும் நகராது. இந்த ஏற்பாட்டுக்குக் கீழே ஏழு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அவனுக்குத் தகடு எடுக்க மறக்கிற வியாதி. மூன்று தடவை நான் பதிவேட்டில் எழுதிக் கண்டித்திருக்கிறேன். "மச்சான், வீட்டுலயும் திட்டு, இங்கயும் திட்டா? நான் எங்கதான் போறது?" என்பான்.

இனி அந்த வாரம். திங்கட்கிழமை அவன் கருவியில் முதல் முழு அளவீடு முடிந்தது. என் மேடு அதில் இல்லை. மேடு இருக்கவேண்டிய இடம் கழுவிவிட்ட தரை மாதிரி இருந்தது. அவன் எதுவும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை பழைய பதிவேடுகள் இருக்கும் அலமாரிக்குப் போனான். புதன்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, தங்கை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். மெதுவாகத்தான் சாத்தினான்.

கையில் என் பதிவேடு. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தையது. கார்பனில் நூற்றுக்கு ஒன்று சற்றுக் கனமான கார்பனாக இருக்கும். அதில் ஹீலியம் மோதினால் ஒரு நியூட்ரான் தெறித்துப் போய்ச் சுற்றியுள்ள உலோகத்தில் பட்டு, பார்ப்பதற்கு நிஜம்போல ஒரு மேட்டை உண்டாக்கும். எனக்கு அது அப்போதே தெரியும். கனமான கார்பனை மட்டும் வைத்து மூன்று நாள் சோதித்தேன், அதே இடத்தில் அதே மேடு வந்தது. அந்த மூன்று நாள் பக்கத்தின் ஓரத்தில் என் கையெழுத்தில் இரண்டு வார்த்தை இருக்கிறது. 'பின்னணி. சேர்க்கவேண்டாம்.' அந்தச் சோதனையை விட்டுவிட்டு மேட்டை மட்டும்தான் வெளியிட்டேன்.

"மச்சான், இது உங்க கையெழுத்துதானே?" என்றான்.

"ஆமா."

"ஏதாவது காரணம் இருந்திருக்கும்."

"இருந்தது" என்றேன். என்ன காரணம் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று இப்போதும் தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை கூட்டத்துல நீங்களே சொல்லிடுங்க மச்சான். பழைய அளவீட்டுல ஒரு தப்பு நடந்துபோச்சு, புதுக் கருவி காட்டிக்கொடுத்துடுச்சுன்னு. இந்தப் பக்கத்தைப் பத்தி நான் வாயத் திறக்க மாட்டேன். அவளுக்கும் தெரியவேண்டாம். நான் போய்ச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

அவன் மிரட்டியிருந்தால் எனக்கு வழி இருந்திருக்கும். சண்டை போடலாம், பொறாமை என்று சொல்லலாம், வேறு கூடத்துக்கு மாற்றலாம். அவனோ நான் இறங்குவதற்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆயுள் முழுக்க அவனும் நானும் ஒரே மேசையில் சாப்பிடப்போகிறோம், அவன் எனக்குக் குழம்பு ஊற்றப்போகிறான், ஊற்றும்போதெல்லாம் அந்தப் பக்கம் அவனுக்கு ஞாபகம் வரும், வராத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான். பொறிக்குள் மாட்டிய எலி என்று சொல்வார்களே, அதை அன்றைக்குத்தான் அனுபவித்தேன். படுத்தேன், தூங்கவில்லை. விடிந்ததும் அவன் வழக்கம்போல எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தான்.

வியாழக்கிழமை மதியம் ஒரு பின்னணி அளவீடு பாக்கியிருந்தது. மோதல் எதுவும் கிடையாது, அறை சும்மா இருக்கும்போது கருவி என்ன கேட்கிறது என்று எண்பது நிமிடம் பதிவு செய்யவேண்டும். கட்டுப்பாட்டு அறையில் நானும் அவனும்தான். அளவீட்டை இயக்குகிற உதவியாளன் சாப்பிடப் போயிருந்தான். அவனுக்கு 'ஆமை' என்று பேர், எதையும் மூன்று முறை சரிபார்த்துவிட்டுத்தான் செய்வான்.

"அந்த கோபால்ட் மூலத்தை சரியா மூடி வச்சியான்னு ஒரு தடவ பார்த்துட்டு வந்துடு மாப்பிள்ளை" என்றேன். கருவியைச் சரிபார்க்க உள்ளே ஒரு சின்னக் கதிரியக்க மூலம் உண்டு, ஈயச் சிமிழில் இருக்கும்.

"அஞ்சே நிமிஷம் மச்சான்" என்று எழுந்து போனான்.

போகும்போது தகட்டை எடுத்துக்கொண்டான். நீங்கள் எழுதிய வரியில் தவறு இங்கேதான். அன்றைக்கு மட்டும் அவன் மறக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, தகட்டை உயர்த்திக் காட்டி, சிரித்துக்கொண்டே பைக்குள் போட்டான்.

தகடு தொலைந்துபோனால் மாற்றுக்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல், பொறுப்பாளரான என் மேசைக்குள் உண்டு. அவனுடைய நகலை எடுத்துப் பலகையில் மாட்டினேன். ஏழும் இருந்தன. கதவு மூடிற்று. அது மெதுவான கதவு, மூட நாற்பது நொடி ஆகும், சத்தமே வராது, ஈயக் கட்டிகளுக்குப் பின்னால் குனிந்திருந்தவனுக்குத் தெரிந்திருக்காது. விசிறியையும் நிறுத்தினேன். இதைச் செய்யும்போது என் மனதில் கோபம் இல்லை. கொஞ்ச நேரம், ஒரே ஒரு மதியம், யாரும் எதுவும் சொல்லாமல் இருக்கட்டும் என்றுதான் தோன்றியது.

ஆமை வந்தான். பலகையைப் பார்த்து வாய்க்குள் எண்ணினான். "மாப்பிள்ளை சார் எங்க சார்?"

"மேல, அவன் ரூம்ல. நீ ஆரம்பி."

அளவீடு தொடங்கி ஆறாவது நிமிடம் திரையில் இரண்டு கூரிய சிகரங்கள் எழுந்தன. பக்கத்துப் பக்கத்தில், ஒரே உயரத்தில். கோபால்டை வைத்தால் மட்டும்தான் அப்படி இரட்டையாக வரும், இந்த வேலையில் இருக்கிற யாரும் அதைத் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வார்கள். எழுந்தன, எண்ணிக்கை அடங்கியது. மறுபடி எழுந்தன, அடங்கியது. கொஞ்சம் இடைவெளி. பிறகு ஒருமுறை.

ஆமை முன்னால் சாய்ந்தான். "சார், கோபால்ட் மாதிரி தெரியுது. வந்து வந்து போகுது."

"சிமிழ் மூடி லூசா இருக்கும். உள்ள நைட்ரஜன் கொதிக்குதுல்ல, அதுல ஆடும்."

"நிறுத்தட்டுமா சார்?"

"வேணாம். பின்னணினு எழுதிக்கோ."

எழுதினான். பாவம், அவனை எதுவும் செய்யாதீர்கள். மூன்று முறை சரிபார்க்கிறவன் அன்று என் வார்த்தைக்காக ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பிறகு ஏதோ பதிவேடு வேண்டும் என்று சொல்லி அவனை மேல் அலமாரிக்கு அனுப்பினேன். அவன் தேடி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்று தெரியும்.

நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். அந்த அறையில் சத்தம் போட்டால் கேட்காது, கதவைக் குத்தினால் கேட்காது. எல்லா வாயையும் நாங்களே அடைத்திருந்தோம். மிச்சமிருந்த ஒரே காது அவன் கட்டிய கருவி. அதன் முன்னால் மூலத்தை நீட்டி நீட்டி எடுத்துக்கொண்டிருந்தான். நல்ல யோசனை. வேறு யாராயிருந்தாலும் சும்மா ஆட்டியிருப்பார்கள். இவன் இரண்டு, இடைவெளி, ஒன்று என்று நீட்டினான். வெளியே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது நான் என்று அவனுக்குத் தெரியும், அந்தத் தட்டலை எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். மச்சான் தெரியாமல் மூடிவிட்டார், பார்த்ததும் பதறிக்கொண்டு வருவார் என்று நினைத்திருப்பான்.

பத்தாவது நிமிடம் குளிரூட்டும் தொட்டியின் அளவு குறைந்திருப்பதைப் பார்த்தேன். தொட்டியை நிரப்புகிற வால்வு என் மேசையிலேயே இருக்கிறது. விசிறி ஓடும்போதுதான் நிரப்பவேண்டும் என்பது விதி. திரவ நைட்ரஜன் ஒரு லிட்டர் கொட்டினால் எழுநூறு லிட்டர் வாயுவாக விரியும், விசிறி இல்லாவிட்டால் அது அறையை விட்டு எங்கும் போகாது, ஆக்ஸிஜனைத்தான் வெளியே தள்ளும். அந்த விதியை எழுதியவன் நான். வால்வைத் திறந்தேன். நிரம்பிய பிறகும் மூடவில்லை. கதவுக்கு வெளியே மாட்டியிருந்த ஆக்ஸிஜன் கருவி சமர்த்தாகப் பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருந்தது, வெளியே காற்றுக்கு என்ன குறை.

பதினேழு முறை தட்டினான். நான் எண்ணினேன், எண்ணாமல் இருக்க எனக்கு வராது. பதினெட்டாவதில் இரண்டு வந்தது, அந்த ஒன்று வரவில்லை. மூலம் கருவிக்குப் பக்கத்திலேயே விழுந்திருக்கவேண்டும், இரட்டைச் சிகரம் அடங்காமல் ஏறிக்கொண்டே போனது. மணி அப்போது இரண்டு பதினாலு.

எண்பது நிமிடம் முடிந்து கதவு திறந்ததும் முதலில் ஓடியவன் நான். சாப்பிட்டுத் திரும்பியிருந்த எல்லாரும் பார்த்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனை வாசலுக்கு இழுத்து வந்து, நெஞ்சில் கைவைத்து அழுத்தினேன், அழுதேன், அழுகை நிஜம்தான். அழுத்துகிற கையால்தான் சட்டைப்பையிலிருந்த தகட்டை எடுத்தேன். இதோ, மேசைமேல் வைக்கிறேன். எழுத்தில் தேய்மானம் இருக்கிறது பாருங்கள், பலகையில் நீங்கள் பார்த்தது புத்தம்புதிதாக இருந்திருக்கும். அதை நீங்கள் கவனித்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை கூட்டம் இரங்கல் கூட்டமாக நடந்தது. இயக்குநர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். புதுக் கருவியின் முடிவுகளை நானே சரிபார்த்து வெளியிடவேண்டும், அதுதான் அவனுக்குச் செய்யும் மரியாதை என்றார்கள். சரி என்றேன். வீட்டுக்கு வந்தால் மேசையில் இரண்டு தட்டு. தங்கை சாப்பிடமாட்டாள், என் எதிரே உட்கார்ந்து வாசலையே பார்ப்பாள். வீடு முழுக்க நான் எப்போதும் வேண்டும் என்று கேட்ட அமைதி. மூச்சு முட்டியது எனக்கு. ஜன்னலைத் திறந்து வைத்தேன், அப்போதும் முட்டியது.

நேற்று ஆமை வீட்டுக்கு வந்திருக்கிறான். நல்லெண்ணத்தில்தான். மாப்பிள்ளை சாருடைய கருவி கடைசியாக எடுத்த பதிவு என்று, அந்த எண்பது நிமிடத்தையும் நேர வரிசையில் ஒரு நீளத் தாளில் அச்சடித்து, சட்டம் போட்டு அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். எங்களைப் போன்றவர்களுக்கு வரைபடம்தான் ஞாபகார்த்தம், வேறென்ன கொடுப்பது என்று தெரியாது.

சாயங்காலம் நான் வந்தபோது அதை மேசைமேல் கிடத்தி வைத்திருந்தாள்.

"அண்ணா, இந்தக் கோடெல்லாம் என்ன?"

"பின்னணிம்மா. அறை சும்மா இருக்கும்போது வர்றது."

அவள் விரலை இடது ஓரத்தில் வைத்து நகர்த்தினாள். கோடு எழும் இடத்திலெல்லாம் மேசையில் விரலால் தட்டினாள். இரண்டு. இடைவெளி. ஒன்று. இன்னும் கொஞ்சம் நகர்த்தி மறுபடி இரண்டு, ஒன்று. மூன்றாவது தடவையில் விரல் நின்றுவிட்டது. அவள் அணுவியல் படித்தவள் இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவள்.

"இது அவரு வீட்டுக்கு வர்றது அண்ணா" என்றாள்.

நான் தாளை என் பக்கம் இழுக்கப் போனேன், அவள் விரலை எடுக்கவில்லை.

"நீங்க அன்னிக்கு அங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

அவள் அழவில்லை. தாளைச் சுருட்டி நெஞ்சோடு வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். கதவைத் தாழிடுகிற சத்தம் கேட்டது. காலையில் நானே தட்டிப் பார்த்தேன், திறக்கவில்லை. அவள் இங்கே வருவதற்குள் நான் வந்துவிடவேண்டும் என்று தோன்றியது. முதலில் நான் சொன்னால், சொல்கிற விதமாகச் சொல்லலாம் இல்லையா.

கொலை என்று நீங்கள் எழுதப்போகிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். தகட்டை மாட்டியது நான், வால்வைத் திறந்தது நான், திரையில் வந்தது அவன்தான் என்று முதல் மூன்று தட்டலிலேயே தெரிந்துகொண்டதும் நான். ஆனால் ஒன்றை மட்டும் சரியாக எழுதவேண்டும். அவனை வெளியே விடாமலிருக்க நான் நினைக்கவேயில்லை. திறப்பதாகத்தான் இருந்தேன், திறக்கவும் செய்தேன். எண்பது நிமிட அளவீடு அது. நடுவில் நிறுத்தினால் அவ்வளவு பதிவும் வீணாகப் போயிருக்கும்.